நிலம்பூர் தேக்கு: அரசு டிப்போவில் விலை எப்படி அமைகிறது, ஏலத்தில் எப்படி வாங்குவது? முழு வழிகாட்டி

வீடு கட்டுகிறவர்கள் மரக்கடைக்குப் போனால் முதலில் கேட்பது "நிலம்பூர் தேக்கு இருக்கா?" என்றுதான். இருக்கிறது என்று பதில் வரும். கன அடிக்கு ஒரு விலையும் வரும். அந்த விலை ஏன் அப்படி என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. அதே தேக்கு கேரள வனத்துறையின் டிப்போவில், அதாவது மரக் கிடங்கில், கிடக்கும்போது ஒவ்வொரு தடிக்கும் ஓர் எண் இருக்கிறது. நீளம், சுற்றளவு, ரகம், கொள்ளளவு எல்லாம் எழுதப்பட்டு, ஏலப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியாகிறது. இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்துவிட்டால், டிப்போவில் வாங்கினாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு மரம் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

மரம் டிப்போவுக்கு வரும் வழி

கேரளத்தின் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டது 1840களில். மலபார் கலெக்டராக இருந்த கனோலியின் முயற்சியில், சாத்து மேனன் முன்னின்று நட்டு வளர்த்தார். 1846ல் நட்ட பகுதி ஒன்று 'கனோலி பிளாட்' என்ற பெயரில் இன்றும் வெட்டப்படாமல் நிற்கிறது. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956ல் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை நிலம்பூர்த் தேக்குத் தோட்டம் சென்னை அரசின் வசம்தான். சாலியாற்றின் கரை மண்ணில் நீண்டு, நேராக, பொன்னிறம் பிடித்து வளரும் இந்த மரத்துக்கு 2018ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அரசு நினைத்த நேரத்தில் நினைத்த மரத்தை வெட்டிவிட முடியாது. எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு, எவ்வளவு வெட்டலாம் என்பதைச் செயல்திட்டம் என்ற ஆவணம் முடிவு செய்கிறது. காடுகளைக் காக்கக் கோரித் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்ட இடமில்லை. தேக்குத் தோட்டத்தில் இறுதி வெட்டு சுமார் 50 முதல் 60 வயதில் நடக்கும். அதுவரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே மரம் எடுப்பார்கள். ஒல்லியான தடிகள் பெரும்பாலும் இந்தக் களைவெட்டில் வருபவை. பருத்த தடிகள் இறுதி வெட்டிலிருந்து வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சந்தையில் விலை ஏறிவிட்டது என்பதற்காக டிப்போவில் வரத்து கூடிவிடாது. இந்த ஆண்டு வருகிற மரம் அரை நூற்றாண்டுக்கு முன்பு நட்டது. வரத்து கட்டுப்பட்டிருக்க, கேட்பவர்கள் கூடும்போது விலை மேலேதான் போகும்.

வெட்டிய மரத்தைத் துண்டு போட்டு, பட்டை உரித்து, ஒவ்வொரு தடியின் முகத்திலும் எண்ணும் வனத்துறையின் சுத்தியல் முத்திரையும் பதிப்பார்கள். பிறகு டிப்போவுக்கு ஏற்றுவார்கள். நிலம்பூர் வட்டாரத்தில் அருவாக்கோடு, நெடுங்கயம் என இரண்டு டிப்போக்கள்; இரண்டும் பாலக்காடு தடி விற்பனைக் கோட்டத்தின் கீழ் வருகின்றன. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குப் புனலூர் கோட்டத்தின் ஆரியங்காவு டிப்போ இன்னும் பக்கம். அங்கே கிடைப்பது நிலம்பூர்த் தேக்கு இல்லை. ஆனால் அளக்கும் முறையும் விற்கும் முறையும் ஒன்றே.

பட்டியலைப் படிப்பது

ஏலப் பட்டியலில் '2 பி', '3 சி' என்று போட்டிருப்பார்கள். எண் பருமனைக் குறிக்கிறது, எழுத்து தரத்தைக் குறிக்கிறது. தடியின் நடுவில், பட்டை நீக்கிய சுற்றளவு 150 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு. 100 முதல் 149 வரை இரண்டாம் வகுப்பு. 76 முதல் 99 வரை மூன்றாம் வகுப்பு. 60 முதல் 75 வரை நான்காம் வகுப்பு. அதற்கும் கீழே இருப்பவை கழிகள். அவற்றை எண்ணிக்கைக் கணக்கில் விற்பார்கள். எழுத்தைப் பொறுத்தவரை ஏ என்பது நேராக, குறையில்லாமல் இருப்பது. பி, சி என்று இறங்க இறங்க வளைவு, முடிச்சு, வெடிப்பு, பொந்து கூடும்.

வகுப்பு மாறினால் கன மீட்டர் விலை மாறுகிறது. இங்கேதான் வாங்குபவர் யோசிக்க வேண்டும். சுற்றளவு 98 செ.மீ. உள்ள தடி மூன்றாம் வகுப்பு, 101 செ.மீ. உள்ளது இரண்டாம் வகுப்பு. அறுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் விலை வேறு. பட்டியலில் மூன்றாம் வகுப்பின் மேல் விளிம்பில், 95 செ.மீ.க்கு மேல் இருக்கும் தடிகள் அதிகமுள்ள லாட்டை (ஒன்றாக ஏலம் விடும் தடிகளின் தொகுதியை) தேடுங்கள். வீட்டு வேலைக்கு வாங்குபவர் தேட வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

மூன்றாம் வகுப்பு போதுமா என்று சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றளவு 90 செ.மீ. என்றால் விட்டம் சுமார் 28.6 செ.மீ. சுற்றிலும் 2 செ.மீ. வெள்ளை (வெளிப்புற மென்மையான மரம்) போனால், வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) மட்டும் 24.6 செ.மீ. விட்டம் நிற்கும். அதற்குள் ஐந்துக்கு மூன்று அங்குல நிலைக்கட்டை இரண்டை அடுக்கி எடுக்கலாம். ஒரு சாதாரண வீட்டின் நிலை, ஜன்னல் சட்டங்களுக்கு முதல் வகுப்புத் தடி தேவையே இல்லை. அகலமான கதவுப் பலகைக்கும் மேசைப் பலகைக்கும்தான் பருத்த மரம் வேண்டும். முதல் வகுப்புக்கு உங்களோடு ஏலத்தில் போட்டி போடுபவர்கள் மெல்லிய தேக்குத் தகடு உரித்து ஒட்டுபலகை செய்பவர்களும் பெரிய மரவேலைக் கூடங்களும். அவர்கள் தரக்கூடிய விலையை நாம் நிலைக்கட்டைக்காகத் தர வேண்டியதில்லை.

கால் சுற்றளவுக் கணக்கு

வனத்துறை கொள்ளளவை எடுக்கும் முறை இது: நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும்.

120 செ.மீ. சுற்றளவு, 4 மீட்டர் நீளமுள்ள தடியை எடுத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பங்கு 0.30 மீட்டர். 0.30 × 0.30 × 4 = 0.36 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 35.315 கன அடி என்பதால், இது 12.7 கன அடி.

ஆனால் உருளை என்று எடுத்து முறையாகக் கணக்கிட்டால் அதே தடியின் உண்மைக் கொள்ளளவு 0.458 கன மீட்டர். கால் சுற்றளவுக் கணக்கு எப்போதும் உண்மை அளவில் 78.5% மட்டுமே காட்டும். மீதி 21.5% கணக்கிலேயே வராது. அறுக்கும்போது தூளாகவும் ஓரத் துண்டாகவும் போவதற்கு ஈடாக விடப்பட்ட பகுதி இது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தனியார் கடையில் இறக்குமதித் தேக்குத் தடி வாங்கும்போது எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் கால் சுற்றளவிலும் இன்னொருவர் உருளைக் கணக்கிலும் விலை சொன்னால், இரண்டு கன அடி விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

டேப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். அதே தடியில் 120க்குப் பதில் 122 என்று அளந்துவிட்டால் கொள்ளளவு 0.3721 ஆகிவிடும், 3.4% கூடுதல். அடிமரத்தில் பள்ளமும் மேடுமாக இருக்கும் தடியில் டேப் பள்ளத்துக்குள் இறங்காது, மேடுகளின் மேலாகவே போகும். இல்லாத மரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதாக ஆகும். இப்படிப்பட்ட தடிகள் நிறைய உள்ள லாட்டுக்குக் கேட்கும் விலையைக் குறைத்தே கேட்க வேண்டும்.

விலை அமைவது எப்படி

ஏலத்துக்கு முன் வனத்துறை ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் அடிப்படை விலை வைத்துக்கொள்கிறது. அதே வகுப்பு, அதே தரத் தடிகள் அண்மை ஏலங்களில் என்ன விலைக்குப் போயின என்பதே அதற்கு முக்கிய ஆதாரம். வெட்டுக்கூலி, வண்டிக்கூலி போன்ற செலவுகளுக்குக் கீழே அது இறங்காது. அதன்மேல் எவ்வளவு ஏறும் என்பதைக் கேட்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். நீளம் கூடினால் ஏறும், வளைவு கூடினால் இறங்கும். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதன்பின் இந்தியச் சந்தைக்கு கானா, ஈக்வடார், கோஸ்டாரிகா போன்ற நாடுகளின் இளம் தோட்டத் தேக்கு அதிகமாக வருகிறது. அதில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. முதிர்ந்த நிலம்பூர்த் தடிக்குக் கிராக்கி நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு மரத்துக்கு விலை வைக்க ஏலம் ஒன்றுதான் வழி என்றில்லை. தமிழ்நாட்டில் 1974ல் தொடங்கிய வனத் தோட்டக் கழகமான டாப்கார்ன், தைல மரத்தைக் காகித ஆலைக்கு டன் கணக்கில், பேசி முடிவு செய்த விலையில் தருகிறது. ஆலைக்கு வருடம் முழுவதும் சீராக மூலப்பொருள் வேண்டும் என்பதால் அந்த முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பேசி வைத்த விலை எவ்வளவு தூரம் தவறிப்போக முடியும் என்பதற்கு இதே மலபாரில் மறக்கக்கூடாத சான்று உண்டு. மாவூர் ரேயான் ஆலைக்கு 1958ல் போட்ட ஒப்பந்தத்தின்படி, கேரள அரசு மூங்கிலை டன் ஒரு ரூபாய்க்குத் தந்தது. கூடை முடைகிறவர் சந்தையில் அதைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. காடு மொட்டையானது. விலை வெளிப்படையாக அமையாத இடத்தில் பொதுச்சொத்து எப்படிக் கரையும் என்பதை அந்த ஒரு ரூபாய் காட்டிவிட்டது. எண் போட்டு, அளந்து, எல்லோர் முன்னிலும் ஏலம் விடும் முறையை நான் உறுதியாக ஆதரிப்பது இதனால்தான்.

கூடத்தில் வாய்மொழியாக ஏலம் விட்ட காலத்தில் வியாபாரிகள் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விலையை அமுக்க வழியிருந்தது. வெளியூர்க்காரர் உள்ளே வந்தால் முறைத்துப் பார்ப்பார்கள். இணைய ஏலத்தில் யார் கேட்கிறார் என்பது எதிராளிக்குத் தெரியாது. தனி ஆள் ஒருவரும் அச்சமில்லாமல் கேட்கலாம்.

ஏலத்தில் கலந்துகொள்ளும் வரிசை

முதல் வேலை பதிவு. கேரள வனத்துறை எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் ஏலம் விடுகிறது. பழைய இரும்பு வியாபாரத்துக்காக 1964ல் தொடங்கிய நிறுவனம் இது. இன்று நாடு முழுவதும் பல அரசுத் துறைகளின் ஏலத்தை நடத்துகிறது. பான் அட்டை, அடையாள, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வியாபாரியாக இருந்தால் ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றோடு வாங்குபவராகப் பதிய வேண்டும். ஏலத் தேதிக்கு நன்றாக முன்பே முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் சரிபார்ப்பு முடியாமல் ஏலத்தை விடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது பட்டியலும் நிபந்தனைகளும். நிபந்தனைப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. ஆனால் பணம் கட்டக் கெடு, கெடு தாண்டினால் வட்டி, தடியை எடுக்கத் தவறினால் தரை வாடகை, முன்பணம் எப்போது பறிபோகும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' விற்கப்படுகிறது என்ற வரியும் இருக்கும். வாங்கிய பிறகு உள்ளே பொந்து என்று சொல்லிப் பயனில்லை.

அதனால் மூன்றாவது வேலையை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது: நேரில் போய்ப் பார்ப்பது. ஏலத்துக்கு முன் டிப்போ வேலை நேரத்தில் தடிகளைப் பார்க்க அனுமதி உண்டு. உங்கள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டியலில் உள்ள எண்ணும் தடி முகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு முகங்களையும் பாருங்கள். நடுச்சோறு (தடியின் நடுவே இருக்கும் மென்மையான பகுதி) மையத்தில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? வளையத்தோடு வளையம் விட்டுப் பிரிந்திருந்தால் அந்தத் தடியில் அகலப் பலகை வராது. முகத்தில் குறுக்கே ஓடும் வெடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதைத் தடியின் உடம்பில் தொடர்ந்து பாருங்கள். வெள்ளை எத்தனை விரல் அகலம் என்று இரண்டு மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். ரேகை முறுக்கிக்கொண்டு போகும் தடி காய்ந்த பிறகு கதவைக் கோணவைக்கும். மேலே சிறு துளைகள் தெரிந்தால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே வழி போட்டிருக்கும். ஒரு துளைக்குப் பின்னால் நீளமான சுரங்கம் இருக்கலாம். ஒரு லாட்டில் பல தடிகள் இருக்கும், லாட்டை முழுசாகத்தான் எடுக்க வேண்டும். அடுக்கின் அடியில் கிடக்கும் தடியையும் பாருங்கள். மேலே கிடக்கும் இரண்டு அழகான தடிகளை நம்பி விலை கேட்கக் கூடாது.

பிறகு உச்ச விலை ஒன்றைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்காக, கன மீட்டர் 1,00,000 ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் பார்த்த 0.36 கன மீட்டர் தடிக்கு 36,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18% சேர்ந்தால் 42,480. பட்டியல் அளவில் இது கன அடிக்கு சுமார் 3,340 ரூபாய். உண்மைக் கொள்ளளவில் பாதி பயன்படும் மரமாக அறுபட்டால் 8.1 கன அடி கிடைக்கும். அப்போது அறுத்த மரத்தின் விலை கன அடிக்குச் சுமார் 5,250 ரூபாய். கடைக்காரர் சொல்லும் அறுத்த மரத்தின் விலையோடு ஒப்பிட வேண்டியது இந்த 5,250ஐத்தான், 3,340ஐ அல்ல. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இதற்கு மேல் ஏற்றுகூலி, லாரி வாடகை, அறுப்புக்கூலி இருக்கிறது. மாநில வன வளர்ச்சி வரி போன்றவை இருந்தால் விற்பனை நிபந்தனையில் சதவீதம் எழுதியிருக்கும். வியாபாரிகளிடம் வருமான வரிக்கான முன்பிடித்தமும் வாங்குவார்கள்; 2025 ஏப்ரல் முதல் அது 2%.

ஏல நாளன்று முன்பணம் கட்டியவர்கள் மட்டுமே கேட்க முடியும். விலை கன மீட்டருக்குக் கேட்கப்படுகிறது. குறிப்பிட்ட தொகையளவில் ஏறும். முடியும் நேரத்துக்குச் சற்று முன்பு யாராவது புதிதாகக் கேட்டால் நேரம் தானாகச் சில நிமிடம் நீளும். எனவே கடைசி நொடிக்காகக் காத்திருந்து பறிக்கும் தந்திரம் பலிக்காது. எழுதி வைத்த விலை தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். அடுத்த ஏலம் வரும், வேறு லாட் வரும்.

அதிக விலை கேட்டதாலேயே மரம் உங்களுடையது ஆகிவிடாது. வனத்துறை எதிர்பார்த்த விலைக்குக் குறைவாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலுக்குப் போகும். அவர்கள் மறுத்தால் லாட் மறு ஏலத்துக்கு வரும். ஒப்புதல் கையில் வரும் முன் லாரி பேசுவதோ ஆசாரிக்கு முன்பணம் கொடுப்பதோ வேண்டாம்.

ஏலமே இல்லாமல் வாங்கும் வழி

சொந்த வீடு கட்டுபவர்களுக்காகக் கேரள வனத்துறை சில டிப்போக்களில் சில்லறை விற்பனை நடத்துகிறது. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பி, சி தரத் தடிகள், ஒருவருக்கு 5 கன மீட்டர் வரை. உள்ளாட்சி அமைப்பு தந்த கட்டட அனுமதி, ஒப்புதல் பெற்ற வரைபடம், பான் அட்டை, அடையாளச் சான்று கொண்டுவர வேண்டும். விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். லாட்டாக எடுக்காமல், தேவைக்கேற்ற தடிகளை வாங்கலாம். முதலில் வருபவருக்கு நல்ல தடி என்பதால் விற்பனை தொடங்கும் நாளிலேயே போய்விடுவது நல்லது. கேரளத்தில் வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே தெரியாது.

சந்தனம் தனி

மறையூர்ச் சந்தன டிப்போவின் ஏலமும் இதே இணையதளத்தில்தான் நடக்கிறது. ஆனால் கன மீட்டர் கணக்கு அங்கே செல்லாது. எல்லாம் எடைக் கணக்கு. விலாயத் புத், சைனா புத், பஞ்சம் என்று தொடங்கி, வேர், சிராய், தூள் வரை பல தரங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் தரத்தில் ஒரு கட்டை 9 கிலோவுக்குக் குறையக் கூடாது. டன்னுக்கு 112 கட்டைக்கு மேல் போகக் கூடாது. வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் சந்தன மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். தேக்கில் தூளுக்கு மதிப்பில்லை. சந்தனத்தில் தூளும் விலை போகிறது. வீட்டுத் தேவைக்காகப் போகிறவர்களுக்கான ஏலம் அல்ல அது. பெரிய எண்ணெய், சோப்பு நிறுவனங்களும் கோயில் தேவஸ்வங்களும் அங்கே வாங்குகின்றன.

மரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது

முழுப் பணமும் கட்டியதும் டிப்போ அதிகாரி விடுவிப்பு உத்தரவும் போக்குவரத்து பாஸும் தருவார். அந்தப் பாஸில் வண்டி எண், தடி எண்கள், கொள்ளளவு, போகும் இடம், செல்லுபடியாகும் நேரம் ஆகியவை இருக்கும். லாரி கிளம்பும் முன் தடி எண்களைப் பாஸோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் வனச் சோதனைச்சாவடியில் வண்டி நிற்கும். கேரளத்தில் 1975ம் ஆண்டு வனப்பொருள் போக்குவரத்து விதிகளும், தமிழ்நாட்டில் 1968ம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளும் பொருந்தும். எல்லை தாண்டும் வண்டி இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். வழியில் வண்டி பழுதாகிப் பாஸின் நேரம் முடியும் நிலை வந்தால், முடிவதற்குள் பக்கத்து வன அலுவலகத்தில் தெரிவித்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்றுகூலியை வண்டி வருவதற்கு முன்பே டிப்போவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் டிப்போவுக்குள் லாரி இறங்குவதே பாடு என்பதால், எடுக்கும் கெடுவை முன்னிட்டு நாள் தள்ளாமல் எடுத்துவிடுவது நல்லது.

உரிமம் உள்ள அறுவை மில்லில் மட்டும் அறுக்கக் கொடுங்கள். மில்காரர் பாஸைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்; மூலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு நகல் கொடுத்தால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகத்தில் சுத்தியல் முத்திரை உள்ள துண்டை அறுக்கும் முன் படமெடுத்து, பில், பாஸ் நகலோடு வைத்திருங்கள். அறுத்த கட்டைகளை இடையில் சிறு குச்சி வைத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே ஆசாரியைக் கை வைக்கச் சொல்லுங்கள். கிரகப்பிரவேசத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, காய்வதற்கான மாதங்களை ஒதுக்கி, அதற்கு முன் வரும் ஏலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.